மருத்துவர் லாங்டன் டவுன்

பேரறிவு படைத்தோரை உலகம் போற்றுகின்றது, அது இயல்பே. ஆனால், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவரை ஒரு நாடு எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கொண்டே அந்நாட்டின் பண்பாட்டை அளந்தறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளைப் பலர் குடும்பத்திற்கு நேர்ந்த இழிவாகக் கருதினர். வீட்டின் மூலையில் மறைத்து வைத்தனர். அக்குழந்தைகளும் கற்பார்கள், தொழில் செய்வார்கள், மகிழ்ந்து வாழ்வார்கள் என்பதைச் செயலால் காட்டிய பெருந்தகையே ஜான் லாங்டன் டவுன்.

இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் பகுதியில் டார்பாயிண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1828ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே பள்ளிப் படிப்பை விடுத்துத் தந்தையாரின் கடையில் வேலை பார்க்கலானார்.

அவருக்கு ஏறத்தாழப் பதினெட்டு வயதிருக்கும். ஒரு நாள் குடும்பத்தாருடன் வெளியே சென்றிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. அனைவரும் ஒரு குடிலில் ஒதுங்கினர். அங்கே அவர்களுக்குப் பணிவிடை செய்த பெண் அறிவு வளர்ச்சி குன்றியவள். இவளுக்கு நன்மை செய்ய வழியே இல்லையா என்னும் ஏக்கம் இளைஞரின் உள்ளத்தில் எழுந்தது. மழை ஓய்ந்தது; அவ்வேக்கம் ஓயவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின்னும் அந்நிகழ்ச்சியை அவர் நினைவு கூர்ந்தார்.

பின்னர் அவர் இலண்டனுக்குச் சென்று மருந்தியலும் வேதியியலும் பயின்றார். இடையே நோயுற்று ஊர் திரும்ப நேர்ந்தது. 1853இல் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டில் அவர் இலண்டன் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். பதக்கங்கள் பல பெற்று, 1856இல் மருத்துவரானார். பொருளும் புகழும் அவரை எதிர்நோக்கி நின்றன. அவரோ, 1858இல் சர்ரே மாவட்டத்து ஏர்ல்ஸ்வுட் இல்லத்தின் மருத்துவக் கண்காணிப்பாளர் பதவியை ஏற்றார். அறிவு வளர்ச்சி குன்றியோர் தங்கியிருந்த இடம் அது. மதிப்பற்ற பணி எனப் பிறர் ஒதுக்கிய வேலையை அவர் விரும்பி ஏற்றதைக் கண்டு நண்பர்கள் வியந்தனர்.

அங்கே அவர் செய்த முதல் மருத்துவம் மருந்தன்று, மதிப்பேயாகும். அடித்துத் திருத்தும் வழக்கத்தை விலக்கினார். தூய்மையும் நல்லுணவும் கிடைக்கச் செய்தார். தாமே உண்ணவும் உடுக்கவும் பேசவும் பயிற்சி அளித்தார். தோட்டவேலையும் கைத்தொழிலும் கற்பித்தார். அவ்வில்லத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்பவர் தெளிவாகப் பேச இயலாதவர். ஆயினும் மரவேலையில் வல்லவராகி, காண்போர் வியக்கும் கப்பல் உருவங்களைச் செய்தார்.

1866இல் டவுன் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறவியிலேயே சில பொதுவான உடற்கூறுகளுடன் தோன்றும் ஒரு வகையினரை அதில் தெளிவாக விளக்கினார். அதுவே அவர் பெயரை நிலைநிறுத்தியது. எனினும், முகச்சாயலைக் கொண்டு அவர்களுக்கு மங்கோலியர் என்னும் இனப்பெயரை இட்டது பெரும்பிழை. பெற்றோரின் காசநோயே காரணம் எனக் கருதியதும் தவறு. சான்றோரும் தம் காலத்தின் மயக்கத்திற்கு ஆட்படுவதுண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. ஆனால் அதே கட்டுரையில், மனித குலம் ஒன்றே என்னும் கொள்கையையும் அவர் வலியுறுத்தினார்.

நிருவாகத்தாருடன் கருத்து வேறுபாடு தோன்றவே, 1868இல் ஏர்ல்ஸ்வுட்டை விட்டு விலகினார். துணைவியார் மேரியுடன் இலண்டனுக்கு அருகே நார்மன்ஸ்ஃபீல்டு என்னும் இல்லத்தைத் தொடங்கினார். அதன் ஆட்சிச் சுமையின் பெரும்பகுதியை மேரி அம்மையார் தாங்கினார். 1879இல் அங்கே அழகிய நாடக அரங்கு ஒன்றும் திறக்கப்பட்டது. ஊரார் மறைத்து வைத்த மக்களுக்கு அவர் மேடை அமைத்துக் கொடுத்தார்!

1896ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் டவுன் மறைந்தார். மைந்தர் இருவர் அவர் பணியைத் தொடர்ந்தனர். 1905இல் அம்மைந்தருள் ஒருவருக்குப் பிறந்த மகன், பாட்டனார் விளக்கிய அதே நிலையுடன் பிறந்தான். அவர் எழுப்பிய இல்லம் அவருடைய குருதிக்கே நிழலாயிற்று.

உண்மைக் காரணம் 1959இல் வெளிப்பட்டது. மனித உயிரணுவில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. இவர்களுக்கோ இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று மிகுதியாக இருப்பதால் 47 ஆகின்றன என்பதைப் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். இதில் பெற்றோரின் குற்றம் ஏதுமில்லை. பழைய இனப்பெயரைக் கைவிட வேண்டுமென 1961இல் அறிஞர்கள் எழுதினர். 1965இல் மங்கோலிய நாடும் முறையிட்டது. அதன்பின் மருத்துவரின் பெயரே அந்நிலைக்கு வழங்கலாயிற்று. இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறிக்கும் வகையில், மூன்றாம் திங்களாகிய மார்ச்சின் 21ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை 2012 முதல் உலக டவுன் நோய்க்குறி நாளாகக் கொண்டாடி வருகின்றது.

டவுன் அவர்களுக்கெனத் தனி இல்லம் அமைத்தார்; அக்காலத்தில் அதுவே பெரும்பேறு. இன்றோ அவர்கள் ஏனைய பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர்; தொழில் புரிந்து ஊதியமும் பெறுகின்றனர். தனி இல்லத்தின் கதவைத் திறந்து, அவர்களை ஊரின் நடுவே வரவேற்பதே எஞ்சிய பணியாகும். அருகில் அமரும் தோழன் மெல்லக் கற்பவனாயின், அவனை எள்ளாது பொறுமையுடன் துணை நிற்கும் ஒவ்வொரு மாணவனும், மாணவியும் அம்மருத்துவர் தொடங்கிய பணியைத் தொடர்பவரே ஆவர்.