துண்டாடலுக்கு எதிராக ஒரு முடிவு

நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற ரப்பர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் சீவியவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தனர். அப்போது மஇகா தேசியத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் துன் வீ.தி.சம்பந்தன். தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கட்டும் என்று அவர் முடிவெடுத்தார்.

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கச் சொன்னார். நாள் கூலிக்காரர்களுக்கு அது பெரிய காசு. திட்டம் தோற்றிருந்தால் அந்தப் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அது தெரிந்தும் பின்வாங்கவில்லை.

1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன் 1979-இல் மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் இன்றும் நிற்கிறது.