டிகிரி வாங்காத புரொஃபசரும் ஆறு பாட்டில் பீரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. ஆனால் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதையைப் பீரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரல.

திருமுல்லைவாயிலில் இருக்கும் என் பெரியம்மா பையன் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கினார். செகண்ட் ஹேண்ட், இடுப்பு உயரம்கூடக் கிடையாது. அதில் பாலும் இல்லை, இட்லி மாவும் இல்லை. வெளியூரிலிருந்து கொண்டுவந்த ஆறு பாட்டில் கறுப்பு ஸ்ட்ராங் பீர் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, தேதி எழுதி, நிற்க வைத்திருந்தார். ஒரு வருஷம் போனா ருசி வேற மாதிரி ஆகும் என்பது அண்ணனின் கணக்கு. மே மாதம் ஒருநாள் மதியம் முழுக்க கரண்ட் இல்லை. சாயங்காலம் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீ மெக்கானிக்கல்தானே, இது கெட்டுப்போயிருக்குமா என்று என்னிடம் கேட்டார். தெர்மோவில் நல்ல மார்க் வாங்கியவன் நான். பதில் தெரியவில்லை. அதைத் தேடிப்போனபோது மாட்டியவர்தான் கார்ல் வான் லிண்டே.

1842 ஜூன் மாதம், ஜெர்மனியின் பவேரியாவில் பெர்ண்டார்ஃப் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். அதே 1842-இல்தான் நம்ம மெரினாவில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் மெட்ராஸுக்குக் கொண்டுவந்து அங்கே அடுக்கினார்கள். அன்றைக்கு ஐஸ் ஒரு இறக்குமதிச் சரக்கு. அதைச் செய்ய முடியாது, பொறுக்கி எடுத்து வைக்கத்தான் முடியும். லிண்டே மாற்றியது இதைத்தான்.

1861-இல் ஸூரிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். பாடம் எடுத்தவர்கள் யார் தெரியுமா? என்ட்ரோபி என்ற சொல்லைத் தந்து நம்மை இன்றுவரை படுத்தும் கிளாசியஸ், இயந்திர அசைவுகளுக்கு இலக்கணம் எழுதிய ராய்லோ. இப்படி ஒரு கிளாஸ்ரூம் கிடைத்தும் 1864-இல் ஒரு மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். டிகிரி இல்லை. பிளேஸ்மென்ட் சீசனில் இதைப் படிக்கும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரியும், எனக்கும் கலக்கியது. ராய்லோதான் ஒரு பஞ்சாலையில் அப்ரென்டிஸ் வேலை பார்த்துக் கொடுத்தார். பிறகு பெர்லினில் ரயில் எஞ்சின் செய்யும் போர்ஸிக் கம்பெனி, அப்புறம் மியூனிக்கில் புதிதாகத் தொடங்கிய கிராஸ் ரயில் எஞ்சின் ஃபேக்டரி. 1868-இல் மியூனிக்கில் பாலிடெக்னிக் திறந்ததும் விண்ணப்பித்தார். டிகிரி இல்லாத 26 வயதுக்காரரை அவர்கள் ஆசிரியராக எடுத்தார்கள். 1872-இல் முழுப் பேராசிரியர்.

இப்போது பீருக்கு வருவோம். பவேரியாக்காரர்கள் குடிக்கும் லாகர் பீரின் பெயருக்கே ஜெர்மனில் சேமிப்பு என்றுதான் அர்த்தம். அதன் ஈஸ்ட் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சுமார் 10 டிகிரியில் புளித்து, பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். அப்போதுதான் கசடு அடியில் இறங்கி, முரட்டு வாசனைகள் அடங்கி, பீர் தெளியும். சூடு ஏறினால் வேண்டாத கிருமி வந்து புளிப்பாக்கிவிடும். அதனால்தான் 1553-லிருந்து பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சவே தடை. ஏப்ரல் கடைசியோடு அடுப்பு அணைந்துவிடும், செப்டம்பர் கடைசியில்தான் திரும்ப எரியும். இடைப்பட்ட மாதங்களுக்கான பீர் பூமிக்கடியில், ஏரி ஐஸ் கொட்டிய நிலவறைகளில் காத்திருக்கும். மேலே வெயில் படாமலிருக்க மரம் நட்டார்கள். அந்த நிழலில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்ததுதான் மியூனிக் பீர் கார்டன்.

1850-இல் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் சட்டம் விட்டாலும் வெயில் விடவில்லை. குளிர்காலம் சூடாகப் போனால் ஐஸ் இல்லை. ஐஸ் இருந்தாலும் பாதி அறையை அதுவே அடைத்துக்கொள்ளும். உருகினால் ஈரம், ஈரம் இருந்தால் பூஞ்சை.

லிண்டே இதற்குள் வந்ததும் நேராக இல்லை. பாரஃபின் மெழுகை உறைய வைக்கும் குளிர் இயந்திரத்துக்கு யாரோ பரிசுப் போட்டி அறிவித்திருந்தார்கள். அதைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். அன்றைக்கும் குளிர் இயந்திரங்கள் இருந்தன, ஆனால் தட்டித்தட்டிப் பார்த்துச் செய்தவை. லிண்டே வேறு மாதிரி தொடங்கினார். கிளாசியஸ் வகுப்பில் படித்ததை வைத்து, ஒரு அளவு வேலைக்கு அதிகபட்சம் எவ்வளவு வெப்பத்தை வெளியே இறைக்க முடியும் என்று கணக்குப் போட்டார். இருக்கும் இயந்திரங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஒரு வாயுவை அழுத்தித் திரவமாக்கி, பிறகு ஆவியாக விட்டு வெப்பத்தை உறிஞ்ச வைக்கும் சுற்றுதான் சிறந்தது என்று 1870, 71-இல் கட்டுரை எழுதினார். நாம் ஐந்து மார்க்குக்கு வரையும் வேப்பர் கம்ப்ரஷன் சைக்கிள்தான்.

அதைப் படித்துத் தேடி வந்தவர்கள் பீர் முதலாளிகள். மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையை நடத்திய செட்ல்மாயர் தன் ஆலையிலேயே சோதனை செய்ய இடம் கொடுத்தார். முதல் இயந்திரத்தில் மெத்தில் ஈதர் ஓடியது. ஓடியது என்பதைவிட ஒழுகியது என்று சொல்லணும். அழுத்தத்தில் இருக்கும் வாயுவை, ஆடும் பிஸ்டன் ராடு வழியாக வெளியே விடாமல் பிடிப்பது அவ்வளவு லேசில்லை. பாதரசம் ஊற்றி அடைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. பேப்பரில் கணக்கு சரி, ஷாப் ஃப்ளோரில் சீல் தோல்வி. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரியே. திரும்ப வரைந்தார். ஈதரை விட்டு அம்மோனியாவுக்கு மாறினார், பாதரசத்துக்குப் பதில் கிளிசரின் வைத்தார். 1876-இல் நின்றது. அந்த அம்மோனியா இயந்திரங்களில் ஒன்று, கடலோரத்து டிரியெஸ்ட் நகரில் ட்ரெஹர் பீர் ஆலைக்குப் போனது.

1879-இல் புரொஃபசர் வேலையை விட்டார். வயது 37, பெரிய குடும்பம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு பீர் ஆலைக்காரர்களோடு சேர்ந்து ஐஸ் மெஷின் கம்பெனி தொடங்குகிறார் என்றால் நம்ம வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐஸ் செய்வதோடு அவர் நிற்கவில்லை. அறையின் மேற்புறத்தில் குளிர்ந்த குழாய்களை ஓட்டி, காற்றையே குளிர வைத்தார். ஐஸும் வேண்டாம், ஈரமும் குறைவு. முக்கியமாக, அறை ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே டிகிரியில் நின்றது. 1890-க்குள் 700-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றன. பீருக்குப் பிறகு இறைச்சிக் கிடங்கு, ஐஸ் தொழிற்சாலை என்று பரவியது.

இடையில் ஒரு கிளைக்கதை. மியூனிக்கில் லிண்டேயின் வகுப்பில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நீராவி எஞ்சின் நிலக்கரியின் வெப்பத்தில் சின்னப் பங்கைத்தான் வேலையாக்குகிறது என்று புரொஃபசர் சொன்னது அவன் மனசில் ஒட்டிக்கொண்டது. படித்து முடித்து லிண்டே கம்பெனியிலேயே பாரிஸில் வேலை பார்த்தான். பெயர் ருடால்ஃப் டீசல். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

1890-களில் நிர்வாகத்தை விட்டு மியூனிக்குக்குத் திரும்பி, மறுபடி ஆராய்ச்சி. 1895-இல் காற்றையே திரவமாக்கினார். 1897-இல் பட்டம் கொடுத்தார்கள், பெயரில் வான் சேர்ந்தது. (அதே 1897-இல் நம்ம ஐஸ் ஹவுஸில் விவேகானந்தர் தங்கினார். அதற்குள் அங்கே ஐஸ் வியாபாரம் முடிந்து, அது வீடாக மாறியிருந்தது.) 1902-இல் திரவக் காற்றைக் காய்ச்சி வடித்து ஆக்சிஜனைத் தனியாகப் பிரித்தார். அம்பத்தூர் எஸ்டேட் வெல்டிங் பட்டறையில் நிற்கும் சிலிண்டருக்கும், 2021-இல் நாம் டிவியில் பதறிப் பார்த்த ஆக்சிஜன் டேங்கருக்கும் தொடக்கம் அங்கேதான்.

சரி, அண்ணனின் பீர். ஒரு மதியச் சூட்டில் அது செத்துப்போகாது. நாள்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால்தான் உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்சிஜன் வேகமாக வேலை செய்து, நனைந்த அட்டை மாதிரி ஒரு வாசனை வரும். தினமும் ஏறி இறங்கும் சூடும் நல்லதில்லை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும். கடையில் விற்கும் சாதா லாகரை வருஷக்கணக்கில் வைப்பதில் பிரயோஜனமே இல்லை, ஆலையிலேயே அதன் காத்திருப்பு முடிந்துவிட்டது. அண்ணன் வைத்திருப்பது போன்ற ஸ்ட்ராங் கறுப்பு பீர்தான் தாங்கும். அதற்கும் 10 முதல் 13 டிகிரி போதும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் முதுமையும் உறங்கிவிடும். நாப்பை ஒன்றுக்குத் திருப்பி, சும்மா சும்மா கதவைத் திறக்காதே அண்ணா என்று சொன்னேன். இரண்டாவதைத்தான் அவரால் முடியவில்லை.

லிண்டே 1934 நவம்பரில், 92 வயதில் மியூனிக்கில் இறந்தார். டிரியெஸ்ட்டுக்குப் போன அந்த அம்மோனியா இயந்திரம் 1908 வரை ஓடியது. இப்போது வியன்னாவில் ஒரு மியூசியத்தில் நிற்கிறது.