டர்பன் வீட்டின் வாசற்கதவு

வழக்கறிஞர் காந்தியின் டர்பன் இல்லம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவர், பின்னர் டர்பனில் வீடு எடுத்துக் குடியேறியபோது, இளமைக்கால நண்பர் ஒருவரையும் உடன் தங்கவைத்தார். அந்த நண்பர் பாலியல் தொழிலாளி ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்ததைச் சமையற்காரர் காட்டிக்கொடுத்த பிறகே காந்தியின் கண் திறந்தது. நண்பர் அன்றே வெளியேற்றப்பட்டார். ஆனாலும் பிறரோடு சேர்ந்து வாழும் வழக்கத்தைக் காந்தி கைவிடவில்லை.

1897இல் கஸ்தூரிபாவும் பிள்ளைகளும் டர்பன் வந்தனர். காந்தியின் அலுவலக எழுத்தர்களும் அதே வீட்டில் தங்கினர். அவர்களில் குஜராத்திகளும் தமிழர்களும், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அறைகளில் கழிவுநீர் வெளியேற வழி இல்லாததால் ஒவ்வொன்றிலும் சிறுநீர்க் கலம் வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் பழகியவர்கள் தங்கள் கலத்தைத் தாங்களே கழுவினர்; புதிதாக வந்தவர்களுடையதைக் கழுவுவது தம்பதியின் பொறுப்பு.

1898இல், பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவ எழுத்தர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். அவருடைய கலத்தை எடுக்கக் கஸ்தூரிபாவின் மனம் ஒப்பவில்லை; கணவர் எடுப்பதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ணீரோடு கலத்தைச் சுமந்து படியிறங்கினார். அதை முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று சினந்த காந்தி, மனைவியின் கையைப் பற்றி வாசற்கதவுவரை இழுத்துச் சென்றார். பெற்றோரோ உறவினரோ இல்லாத ஊரில் தான் எங்கே போவது என்று கஸ்தூரிபா கேட்டதும், வெட்கித் தலைகுனிந்து கதவைச் சாத்தினார். பல ஆண்டுகளுக்குப் பின் அதைத் தம் குற்றமாகவே சுயசரிதையில் பதிவு செய்தார்.

கஸ்தூரிபாவின் தயக்கத்தில் சாதியின் பிடி இருந்தது. அதை எதிர்த்ததில் காந்தி சரி. ஆனால், யாருடன் வாழ்வது, எவர் கலத்தை எவர் கழுவுவது என்று முடிவெடுத்தபோது அவர் மனைவியின் சம்மதத்தைக் கேட்கவில்லை. சாதிச் சமத்துவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர், கணவனின் அதிகாரத்தை வாசலுக்கு வெளியே விட்டுவரவில்லை. 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் துப்புரவுப் பணி அனைவருக்கும் பொதுவானதாயிற்று.

இன்றும் நம் நகரங்களில் வாடகையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் பல. அங்கே கழிப்பறையைக் கழுவுவது யார், அவரிடம் யாரேனும் சம்மதம் கேட்டார்களா என்பதையும் சேர்த்துத்தான் சமத்துவத்தை அளவிட வேண்டும்.