லப்டூலியா நிலவு

வங்க நாவலாசிரியர் விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1894 செப்டம்பர் 12 அன்று தாய்மாமன் வீட்டில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று புராணக் கதை சொல்லிப் பிழைத்தவர். வறுமையோடு போராடிக் கல்கத்தா ரிப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். இளமையில் மணந்த கௌரி தேவி விரைவிலேயே காலமானார். பிறகு ஆசிரியப் பணி; அதன்பின் பீகாரில் பாகல்பூரைச் சார்ந்த ஒரு ஜமீனில் வேலை.

காட்டு நிலத்தைக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவ்வேலையின் ஒரு பகுதி. இரவுகளில் குதிரையேறித் தனியே செல்கையில், ஆளரவமற்ற நாணற்காடுகளின்மேல் நிலவு பொழிவதைக் கண்டார். கவிஞர் பலர் பாடிய குளிர்நிலவன்று அது. வீடு, உறவு, ஊர் என்னும் பிணைப்புகளை அறுத்து மனிதனை அலைய வைத்துவிடும் பேரழகாகவே அவர் அதனை உணர்ந்தார். இல்லறத்தான் அதைப் பாராதிருத்தல் நன்று என்றுகூட அவருக்குத் தோன்றியது. அந்தக் காட்டைப் பற்றி எழுதவேண்டும் என்று 1928இல் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார். எழுதி நூலாக்க மேலும் பதினோராண்டுகள் ஆயின.

அதற்கு முன் வந்தது 'பதேர் பாஞ்சாலி'. பாகல்பூரில் அதை எழுதியபோது அவர் பெயரறியா எழுத்தாளர். 1922இல் 'பிரவாசி' இதழில் முதற் சிறுகதை வெளிவந்திருந்தது. கல்லூரித் தோழர் நிராத் சந்திர சௌதுரி விடாமல் ஊக்கினார். பாகல்பூரில் வழக்கறிஞராயிருந்த உபேந்திரநாத் கங்கோபாத்யாய கையெழுத்துப் படியைப் படித்துத் தம் 'விசித்ரா' இதழில் 1928 முதல் தொடராக வெளியிட்டார். பரபரப்பான கதைப்பின்னலற்ற ஒரு கிராமத்துச் சிறுவனின் வாழ்வை நம்பிப் பக்கங்களை ஒதுக்குவது எளிய செயலன்று. 1929இல் சஜனிகாந்த தாஸ் அதனை நூலாக்கினார். சத்யஜித் ராயின் 1955ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் உலகம் இப்பெயரை அறிந்தது. ஆனால் அச்சேறுமுன் படித்தவர்களின் துணிவு அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. இலக்கிய வட்டங்கள் நடத்துவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

'ஆரண்யக்' 1939இல் நூலாக வந்தது. லப்டூலியா, புல்கியா என அதில் வரும் நிலங்களில் நிலவு திரும்பத் திரும்ப எழுகிறது. கதைசொல்லி சத்யசரண் அந்நிலவில் மயங்கியவாறே காட்டைக் குத்தகைக்கு விடுகிறான். நாணலும் மரமும் போய்க் குடிசைகளும் வயல்களும் பெருகுகின்றன. தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று வனதேவதைகளிடம் மன்னிப்பு வேண்டுகிறான். பசித்தவனுக்கு நிலம் வேண்டும் என்பதையும் நாவல் மறைக்கவில்லை. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் விட்டதே அதன் பெருமை.

1940இல் ரமா தேவியை மணந்தார். 1950 நவம்பர் 1 அன்று காட்சிலாவில் மறைந்தார். 'இச்சாமதி' நாவலுக்கு ரவீந்திர விருது கிடைத்தது அதன் பின்னரே.

'ஆரண்யக்' நூலைக் கௌரி தேவிக்கே அவர் சமர்ப்பித்திருந்தார். கணவர் எழுதிய ஒரு வரியைக்கூட அச்சில் காணாமல் போனவர் அவர்.