கூப்பரும் அவரது குண்டு எழுத்தும்

கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து எழுத்துப் பட்டியலைப் பார்த்தால் கூப்பர் பிளாக் என்று ஒரு பெயர் தென்படும். நல்லா சாப்பிட்டு வளர்ந்த குழந்தை மாதிரி கொழுகொழுவென்ற எழுத்து. யார் அந்தக் கூப்பர்? அச்சுத் தொழில்நுட்பம் படிக்கும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்துக் காபிவில் ஊரில். 17 வயதில் பள்ளியை விட்டுவிட்டு அச்சகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். படம் வரையும் ஆசையில் சிகாகோவுக்குப் போய், பிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம் தனக்குச் சரிவராது என்பது அங்கேதான் புரிந்தது. ஆனால் பிரெடரிக் கௌடியின் எழுத்து வரையும் வகுப்பு அவரை இழுத்துக்கொண்டது. கட்டணத்துக்குப் பணமில்லை. பள்ளிக்கே அச்சுக் கோத்துக் கொடுத்துக் கழித்தார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனார்!

1904-ல் பிரெட் பெர்ட்ச் என்பவரோடு கூட்டாக நிறுவனம் தொடங்கினார். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைவது அவர் வேலை. பேக்கார்ட் கார் விளம்பரத்துக்கு அவர் வரைந்த எழுத்து 1913-ல் ஈய அச்செழுத்தாகவே வந்தது. 1922-ல் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற சிகாகோ வார்ப்பகம் கூப்பர் பிளாக்கை வெளியிட்டது.

அதன் ரகசியம் என்ன? எழுத்தின் கால்நுனிகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கும். மெல்லிய கோடு கிடையாது; அதனால் சீக்கிரம் உடையாது. சொரசொரப்பான தாளிலும் பளிச்சென்று விழும். வரி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. குறையும் உண்டு. எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் ரொம்பக் குறைவு. சின்ன அளவில் அடித்தால் மை அடைத்துக்கொள்ளும். தலைப்புக்கு ராஜா, பத்திக்கு ஆகாது!

விற்பனையைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அதே சாயலில் எழுத்து வெளியிட்டன. அமெரிக்காவில் எழுத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, இன்றும் அப்படித்தான். வரைந்தவன் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சுவர் விளம்பரம் எழுதுபவர். பிளெக்ஸ் வந்தபின் வேலை பாதியாகிவிட்டது. கூப்பர் பிளாக்கைக் காட்டினேன். ஓரங்களைப் பார்த்துவிட்டு, இது தூரிகை பிடிக்கத் தெரிந்தவன் போட்ட வளைவு என்றார். அவர் எழுதிய நூற்றுக்கணக்கான சுவர்களில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். ஆனாலும் எழுத்தை வளைக்கும் வித்தை அப்பாவிடம்தான் இருக்கிறது. அதை இப்போது ஞாயிறுதோறும் கற்றுவருகிறேன்.

கூப்பர் 1940-ல் காலமானார். 1966-ல் பீச் பாய்ஸ் குழுவின் பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டின் உறையில் அவர் எழுத்து மின்னியது. 1995-ல் தொடங்கிய ஈசிஜெட் விமானங்களிலும் ஏறிப் பறந்தது. ஈயம் போய், பிலிம் போய், கம்ப்யூட்டர் வந்தும் அந்தக் கைவளைவு அழியவில்லை.

நண்பர்களே, கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். கையில் கற்ற தொழிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்!