செத்த இதயத்தைத் துடிக்க வைத்த என்ஜினீயர்!

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் மக்களுக்கு மின்சாரம் புதிதல்ல. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. கரண்ட் அடித்து இறந்தவர்களின் கதையைக் கேட்காதவர்களும் இந்தப் பக்கத்தில் இல்லை.

அந்தக் கொல்லும் மின்சாரத்தையே உயிர் கொடுக்க வைத்தார் ஒருவர். அவர் டாக்டர் அல்ல, என்ஜினீயர்! பெயர் வில்லியம் கோவன்ஹோவன்.

1886-ல் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். ஜெர்மனிக்குப் போய்ப் படித்துப் பட்டம் பெற்றார். 1914-ல் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

லைன்மேன்களின் சாவு

அந்தக் காலத்தில் கம்பத்தில் ஏறி வேலை செய்த லைன்மேன்கள் பலர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மின்சாரக் கம்பெனிகள் கவலைப்பட்டன. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. 1928-ல் கோவன்ஹோவன் இந்த வேலையில் இறங்கினார். இரண்டு மருத்துவ அறிஞர்கள் துணைக்கு வந்தார்கள்.

ஷாக் அடித்தால் இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. தாளம் கெட்டு, புழுப்போல் நெளிகிறது. ரத்தம் ஓடுவதில்லை. சில நிமிடத்தில் உயிர் போய்விடுகிறது.

நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். நெளியும் இதயத்துக்கு இன்னொரு ஷாக் கொடுத்தார்கள். அதிசயம்! நெளிவு நின்றது. இதயம் பழையபடி துடித்தது. 1933-ல் இதை வெளியிட்டார்கள். ஜெனீவாவில் இரண்டு பேர் 1899-லேயே இதைப் பார்த்திருந்தார்கள். உலகம்தான் மறந்துவிட்டது!

ஓய்வுக்குப் பின்

மார்பைத் திறந்தால்தான் அன்று இதயத்துக்கு ஷாக் கொடுக்க முடியும். தெருவில் விழுந்தவனுக்கு அது உதவுமா? மார்பைத் திறக்காமல் ஷாக் கொடுக்க வழி தேடினார் கோவன்ஹோவன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் வீட்டில் உட்காரவில்லை. எழுபது வயதில் ஆஸ்பத்திரியிலேயே ஆராய்ச்சி செய்தார். 1957-ல் கருவி தயார். பாஸ்டன் நகரில் பால் சோல் என்ற டாக்டரும் அதே வழியில் வெற்றி கண்டிருந்தார்.

1958-ல் ஒரு சம்பவம். நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் அவரிடம் வேலை செய்தார். ஷாக் கொடுக்கும் கனமான தகடுகளை நாயின் மார்பில் அழுத்தினார். இன்னும் கரண்ட் விடவில்லை. ஆனால் ரத்த அழுத்தம் ஏறியது! அழுத்தினாலே ரத்தம் ஓடுகிறது என்று புரிந்தது. கோவன்ஹோவன், நிக்கர்பாக்கர், டாக்டர் ஜூட் மூவரும் 1960-ல் இதை உலகுக்குச் சொன்னார்கள். முதலில் 20 நோயாளிகளுக்குச் செய்து பார்த்ததில் 14 பேர் பிழைத்தார்கள். இரண்டு கைகள் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

1969-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்த என்ஜினீயருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1975-ல், 89-வது வயதில் அவர் காலமானார்.

இன்றைய பெட்டி

அவருடைய முதல் கருவியைச் சக்கரம் வைத்துத் தள்ள வேண்டும். இன்று அது கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏ.இ.டி. என்பார்கள். விமான நிலையங்களிலும் பெரிய தொழிற்சாலைகளிலும் சுவரில் மாட்டியிருக்கிறது. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் அதுவே வழி சொல்லும்.

ஆனாலும் அது மின்சாரம்தானே! கரண்ட் அடித்து விழுந்தவர் என்றால் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அதற்கு முன் தொட்டால் தொட்டவரும் போவார். ஆள் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தால் 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நடு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டு அங்குலம் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.

பெட்டி வந்ததும் மார்பில் துணி இருக்கக் கூடாது. காசிமேட்டில் கடலில் இருந்து தூக்கி வந்தவர் என்றால், தண்ணீர் தேங்கிய இடத்தில் இருந்து நகர்த்தி, மார்பை நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டுத்தகடு ஒட்டாது. கரண்டும் தோல் மேலேயே ஓடிவிடும். ஒரு தகடு வலது காறை எலும்புக்குக் கீழே. மற்றது இடது அக்குளுக்குக் கீழே. இதயத்தை நெளிவு என்று கண்டால் மட்டுமே பெட்டி ஷாக் கொடுக்கச் சொல்லும். அப்போது யாரும் அவரைத் தொட்டிருக்கக் கூடாது. அழுது மேலே விழும் தாயையும் விலக்கத்தான் வேண்டும்! எல்லோரும் விலகியதைப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

ஷாக் முடிந்த மறுகணமே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடி சோதிக்கும். கை சோர்ந்தால் அடுத்தவர் மாறிக்கொள்ளலாம். தகடுகளை மட்டும் பிடுங்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவை மார்பிலேயே இருக்கட்டும்.