நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்தவை ஹவாய்த் தீவுகள். நாற்புறமும் நீலக் கடல் சூழ, நடுவே எரிமலைகள் ஓங்கி நிற்கும் அத்தீவுகளில் வாழும் மக்களுக்குக் கடலே முற்றம். அலையே விளையாட்டுத் தோழன். நிலத்தில் நடை பயிலும் இளமையிலேயே நீரில் நீந்தவும் பயிலுதல் அவர்தம் வழக்கம். அத்தகைய மக்களிடையே தோன்றி, நீச்சற் கலையில் உலகப் புகழ் எய்தியவர் டியூக் கஹனமோக்கு என்பவர். தம் ஆற்றலைப் பிறர் நம்ப மறுத்தபோதும் நிலைகலங்காது நின்றமையாலும், அவ்வாற்றலைக் கொண்டு பிறர் உயிரைக் காத்தமையாலும் அவர் என்றும் போற்றத்தக்கவர் ஆவர்.

அவர் 1890ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் ஹொனலுலு நகரிற் பிறந்தார். டியூக் என்பது ஆங்கில நாட்டில் கோமகனைக் குறிக்கும் பட்டம். 1869ஆம் ஆண்டில் எடின்பரோக் கோமகன் ஹவாய்க்கு வந்தார். அவ்வருகையின் நினைவாக, அக்காலத்துப் பிறந்த ஒரு குழந்தைக்கு அப்பட்டத்தையே பெயராக இட்டனர். அக்குழந்தை வளர்ந்து காவல்துறையிற் பணி புரிந்தது. தன் மூத்த மகனுக்கும் அப்பெயரையே சூட்டியது. எனவே, டியூக் பெயரளவிற் கோமகனேயன்றிச் செல்வத்தாற் கோமகன் அல்லர். உடன் பிறந்தார் எண்மர்; வீட்டில் வளம் குறைவு. பள்ளிக் கல்வியை முற்ற முடிக்கவும் அவரால் இயலவில்லை. அவருடைய இளமைப் பருவத்திலேயே நாட்டின் நிலையும் மாறியது. 1893ஆம் ஆண்டில் ஹவாயின் அரசி அரியணையினின்றும் நீக்கப்பட்டார். 1898ஆம் ஆண்டில் அத்தீவுகள் அமெரிக்க நாட்டுடன் இணைக்கப்பட்டன.

வைக்கீக்கீக் கடற்கரையே டியூக்கிற்குக் கல்விக் கூடமாயிற்று. நீண்ட மரப்பலகையின்மேல் நின்று, உருண்டு வரும் அலையின் முகட்டில் ஊர்ந்து கரை சேரும் விளையாட்டு ஹவாய் மக்களின் தொன்மையான கலை. அயலார் வரவாற் குன்றியிருந்த அக்கலையை அவரும் அவர்தம் நண்பர்களும் பேணி வளர்த்தனர். நீந்துங்கால் கைகளை மாறி மாறி வீசி, கால்களை இடையறாது மேலும் கீழும் துடுப்பெனச் செலுத்துவது அவருடைய முறை. அதனால் அவர் நீரைக் கிழித்துக்கொண்டு விரைந்து சென்றார்.

1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் ஹொனலுலுத் துறைமுகத்தில் ஒரு நீச்சற் போட்டி நடைபெற்றது. அதில் டியூக் 100 கஜ தூரத்தை 55.4 விநாடியில் நீந்திக் கடந்தார். அஃது அத்தகைய போட்டியில் அதுவரை பதிவாகியிருந்த உயர்ந்த அளவினும் நான்கு விநாடிக்கு மேல் குறைந்த நேரமாகும். நடுவர்கள் தம் கடிகாரங்களையே நம்ப மாட்டாது திகைத்தனர், தூரத்தை மீண்டும் அளந்தனர், பிழை காணப்படவில்லை. ஆயினும், அமெரிக்க நாட்டின் விளையாட்டுப் போட்டிகளை ஆண்டுவந்த தேசியச் சங்கத்தார் அச்செய்தியை ஏற்க மறுத்தனர். கடிகாரங்கள் பழுதுடையனவாயிருக்கும் என்றும், கடல் நீரோட்டம் அவரை உந்தியிருக்கும் என்றும் காரணம் கூறினர். எங்கோ ஒரு தீவில், பெயரறியா இளைஞன் ஒருவன் தங்கள் வீரரை விஞ்சினான் என்பதை அவர்களால் நம்ப இயலவில்லை.

இளைஞர் டியூக் சினங்கொள்ளவில்லை, வழக்காடவும் முற்படவில்லை. சொல்லால் மெய்ப்பிக்க இயலாததைச் செயலால் மெய்ப்பிக்கத் துணிந்தார். ஹொனலுலு மக்கள் தம்மால் இயன்ற பொருளைத் திரட்டித் தந்து அவரை அமெரிக்க நாட்டிற்கு அனுப்பினர். அங்கே நீந்த வேண்டிய இடமோ கடலன்று. நாற்புறமும் சுவர் எழுப்பிய குளம். சுவரைத் தொட்டுத் திரும்பும் முறையை அவர் அறிந்தவரல்லர். வெப்ப நாட்டிற் பிறந்த அவருக்கு அக்குளத்தின் குளிர் நீரும் ஒவ்வவில்லை. ஒரு போட்டியில் தசைகள் பிடித்துக்கொண்டமையால் இடையிலேயே நீச்சலைக் கைவிடவும் நேர்ந்தது. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். திரும்பும் முறையைப் பயின்றார், குளிரையும் வென்றார், ஒலிம்பிக்குப் பந்தயத்திற்குரிய அமெரிக்க அணியில் இடம் பெற்றார்.

1912ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் அப்பந்தயம் நிகழ்ந்தது. அங்கே எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. கால அறிவிப்பைத் தவறாக உணர்ந்தமையால், டியூக்கும் மற்ற அமெரிக்க வீரரும் இறுதிக்கு முந்திய சுற்றுக்கு வாராது போயினர். விதிப்படி அவர்கள் நீக்கப்பட வேண்டியவர்களே. அந்நிலையில் ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி என்பார், வல்லவர்களை விலக்கிப் பெறும் வெற்றி வெற்றியாகாது என்று கருதி, அவர்களுக்கு மற்றொரு வாய்ப்பு அளிக்க வேண்டும் என வற்புறுத்தினார். அவ்வாறே வாய்ப்பு அளிக்கப்பட்டது. இறுதிப் போட்டியில் 100 மீட்டர் தூரத்தை 63.4 விநாடியில் நீந்தி டியூக் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாமவராக வந்தவர் அந்த ஹீலியே ஆவர். தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய முதலிடத்தை நேர்மையின் பொருட்டு இழந்த அப்பெருந்தகை, 1918ஆம் ஆண்டில் உலகப் போரில் உயிர் நீத்தார்.

தம்மை ஐயுற்றோர் வாயடைக்குமாறு டியூக் வென்றார்; ஆயினும் செருக்குற்றாரல்லர். 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, அங்கேயே மரத்தாற் செய்த பலகையில் அலையேறிக் காட்டினார். அந்நாட்டில் அவ்விளையாட்டுப் பரவ அஃது ஏதுவாயிற்று. 1916ஆம் ஆண்டு ஒலிம்பிக்குப் பந்தயம் போரினால் நடைபெறவில்லை. 1920ஆம் ஆண்டில் ஆண்ட்வெர்ப் நகரில், தாம் பிறந்த நாளாகிய ஆகஸ்டு 24ஆம் நாளன்று, முப்பது அகவை நிறைந்த டியூக் மீண்டும் 100 மீட்டர்ப் போட்டியில் முதல்வரானார். மற்றொரு வீரர் தம் வழி தடைப்பட்டதென முறையிட்டமையால் அப்போட்டி சில நாட்கழித்து மறுமுறையும் நடத்தப்பட்டது. மறுமுறையும் டியூக்கே வென்றார். 1924ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஜானி வைஸ்முல்லர் என்னும் இளைஞர் முதலிடம் பெற, டியூக் இரண்டாமிடமும் அவர் தம்பி சாமுவேல் மூன்றாமிடமும் பெற்றனர்.

பதக்கங்களினும் பெருமை வாய்ந்த செயல் ஒன்று உண்டு. 1925ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14ஆம் நாள், கலிபோர்னியாவின் நியூப்போர்ட்டுக் கடற்கரையில் பேரலைகள் எழுந்து தெல்மா என்னும் படகைக் கவிழ்த்தன. அதிலிருந்தோர் நீரில் தத்தளித்தனர். கரையில் இருந்த டியூக் தம் பலகையுடன் கடலிற் பாய்ந்தார். அலைகளை ஊடுருவிச் சென்று, தத்தளித்தோரைப் பலகையில் ஏற்றிக் கரையில் விடுத்தார். மீண்டும் மீண்டும் சென்றார். உயிர் பிழைத்தோர் பன்னிருவர்; அவருள் எண்மரைக் காத்தவர் டியூக் ஒருவரே. அதன் பின்னரே கடற்கரைக் காவலர் அத்தகைய பலகைகளை உயிர் காக்கும் கருவியாகக் கொள்ளலாயினர்.

இத்துணைப் புகழ் பெற்ற அவரையும் நிறம் கருதி இகழ்ந்தோர் இருந்தனர். உண்டிச்சாலையில் உணவு மறுத்தோரும் இருந்தனர். அவரோ எவரையும் வெறுத்தாரல்லர். பிழைப்பிற்காகப் பல தொழில்கள் புரிந்தார். 1934ஆம் ஆண்டில் ஹொனலுலுவின் ஷெரீப்பாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, பல முறை மீண்டும் வென்று, நெடுங்காலம் அப்பதவியை வகித்தார். 1968ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவரது சாம்பல், அவரை வளர்த்த வைக்கீக்கீக் கடலிலேயே கரைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அக்கரையில் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பெற்றது.

ஆற்றல் உடையாரைச் சிலபோது உலகம் ஐயுறும், இகழவும் செய்யும். அதற்கு மனமுடைந்து முயற்சியை விடுதல் பேதைமை. சினந்து பிறரைப் பழித்தல் சிறுமை. பொறுமையோடு முயன்று செயலால் மெய்ப்பித்தலே பெருமை. பெற்ற ஆற்றலைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்துதல் அதனினும் பெருமை. இவ்விரு பெருமைகளும் ஒருங்கே அமைந்தது டியூக் கஹனமோக்குவின் வாழ்வு.